இருப்பதும் இயங்குவதும்

சர்வர் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பலருக்கு நினைவில் வருபவர், உணவு விடுதியில் தோளில் துண்டுடன் வந்து நின்று, இட்டிலி, வடை, பொங்கல், பூரி என்று ஒரே மூச்சில் ஒப்பிக்கும் அன்பர்தாம். தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ பல்லாண்டு வாழ்ந்துவிட்ட தமிழருக்கு அந்தக் குரலே சொந்த ஊரைக் கண்முன் கொண்டுவந்து நிறுத்தும்.

அதே பெயரைத் தாங்கி இன்று வேறொரு பணியாளும் நம் வாழ்வில் புகுந்திருக்கிறார். ரயிலில் இடம் பதிவு செய்யவும், திருமலையில் சிறப்பு நுழைவுத் தரிசனச் சீட்டுப் பெறவும், ஊருக்குப் பணம் அனுப்பவும், பிள்ளையின் தேர்வு முடிவைப் பார்க்கவும் நாம் கைப்பேசியில் விரலை வைத்தவுடன், எங்கோ ஒரு குளிரூட்டிய அறையில் இரவும் பகலும் விழித்திருந்து, கேட்டதை எடுத்துப் பரிமாறும் கணிப்பொறிக்கும் சர்வர் என்றே பெயர். ஓட்டல் சர்வரைப் போல இவர் நம் கண்ணெதிரே நிற்பதில்லை. அப்படியிருக்க, இவர் தம் கடமையைச் செய்கிறாரா, அல்லது நின்றபடியே உறங்குகிறாரா என்று அறிவது எப்படி? இதுவே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

நாம் கலைப்பிரிவில் படித்துவிட்டு, மத்திய அரசு அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்புப் பணி செய்து வருபவர். கணிப்பொறி நூல்களைக் கற்றுத் தேர்ந்தவர் அல்லர். ஆயினும் இப்பொருளைப் பற்றி அறிந்தே தீரவேண்டும் என்ற எண்ணம், சில ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியால் நமக்கு உண்டாயிற்று.

நம்முடைய தமக்கையார் சித்தூரில் வாழ்கிறார். வீட்டிலே தமிழும் வீதியிலே தெலுங்குமாகப் பல தலைமுறைகள் கழித்துவிட்ட குடும்பங்கள் அவ்வூரில் மிகுதி. அவருடைய மகன் திருப்பதியில் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு அது. கல்வி உதவித்தொகை ஒன்றுக்கு இணையத்தின் வழியே விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. இறுதி நாள் மாலை, சான்றிதழ்கள் எல்லாம் ஒருவாறு கைக்கு வந்தபின், பையன் கணிப்பொறியின் முன் அமர்ந்தான். பக்கம் அழகாகத் திறந்தது. பெயர், ஊர், மதிப்பெண் அனைத்தையும் நிரப்பினான். அனுப்பு என்ற பொத்தானை அழுத்தியதும் திரையில் ஒரு சிறு சக்கரம் சுழலத் தொடங்கியது. அது நிற்கவே இல்லை.

தமக்கையார் தில்லிக்குத் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, ஒரு மணி நேரமாகச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நீ அரசாங்க ஆபீசில்தானே இருக்கிறாய், யாரையாவது கேட்டுப் பாரேன்" என்றார். அவ்வலுவலகத்தின் உதவி எண்ணை நாமே அழைத்தோம். மறுமுனையில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "ஐயா, சோதித்துப் பார்த்துவிட்டோம். சர்வர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. உங்கள் பக்கத்து இணைப்பைப் பாருங்கள்" என்றார். பையன் வேறு கைப்பேசியில் முயன்றான். அண்டை வீட்டு இணைப்பிலும் முயன்றான். நள்ளிரவு கடந்தது, இறுதி நாளும் கடந்தது. அவ்வாண்டு உதவித்தொகை கிடைக்கவில்லை. தமக்கையாரின் வளையல்கள் இரண்டு அடகுக் கடைக்குப் போயின.

சர்வர் ஓடிக்கொண்டிருந்தது என்றால், விண்ணப்பம் ஏன் போகவில்லை? இந்தக் கேள்விக்கு விடை சொன்னவன் அந்தப் பையனே. படிப்பை முடித்து இப்போது பெங்களூரில் சர்வர்களைக் கண்காணிக்கும் பணியில் இருக்கிறான். சென்ற விடுமுறையில் சித்தூரிலிருந்து திருப்பதிக்கு இருவரும் ரயிலில் சென்றபோது, "மாமா, அன்று அவர்கள் சொன்னது பொய் இல்லை. சர்வர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவர்கள் கேட்ட கேள்விதான் தவறு" என்று தொடங்கினான். திருப்பதி வந்து சேர்வதற்குள் அவன் விளக்கியவற்றையே இங்கே நேயர்களுக்குத் தொகுத்துச் சொல்கிறோம்.

முதலில் லினக்ஸ் என்பது யாது? கணிப்பொறியின் உறுப்புகளை ஆண்டு நடத்தும் அடிப்படை மென்பொருளுக்கு இயக்க முறைமை என்று பெயர். ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்ட முறைமையின் கருவே லினக்ஸ். அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், விலையின்றிப் பயன்படுத்தலாம். இக்காரணத்தால் அது உலகெங்கும் பரவிற்று. ஆண்டிராய்டு கைப்பேசிக்குள் இருக்கும் கருவும் அதுவே. உலகின் மிக வேகமான 500 கணிப்பொறிகளின் பட்டியல் ஆண்டுக்கு இருமுறை வெளியாகிறது. 2017 நவம்பர் முதல் அப்பட்டியலில் உள்ள 500-உம் லினக்சில் இயங்குபவையே.

ஒரு நிரல் வட்டில் எழுதிக் கிடக்கும்போது அது வெறும் சமையற் குறிப்பு. ஒருவர் அக்குறிப்பைக் கையில் எடுத்து, அடுப்பைப் பற்றவைத்துச் சமைக்கத் தொடங்கினால், அந்த ஓடும் செயலுக்குப் பிராசஸ் என்று பெயர். யாரும் அழைக்காவிட்டாலும் பின்னணியில் எப்போதும் ஆயத்தமாக நின்று, கேட்டவர்க்குக் கேட்டதைக் கொடுக்கும் பிராசஸையோ பிராசஸ்களின் கூட்டத்தையோ சேவை என்கிறார்கள். பக்கங்களை அனுப்புவது ஒரு சேவை. தரவுகளைப் பதிந்து வைப்பது ஒரு சேவை. மின்னஞ்சலைக் கொண்டு சேர்ப்பது மற்றொரு சேவை. உணவு விடுதியில் பரிமாறுபவர், சமையற்காரர், கல்லாவில் இருப்பவர் என மூவர் இருப்பது போல என்று வைத்துக்கொள்வோம்.

இனி, கண்காணிப்பவன் கேட்கவேண்டிய முதற்கேள்வி: ஆள் இருக்கிறாரா?

லினக்சில் ஒவ்வொரு பிராசஸுக்கும் ஓர் எண் உண்டு. பி.எஸ். என்னும் ஈரெழுத்துக் கட்டளையைத் தட்டினால், ஓடிக்கொண்டிருக்கும் பிராசஸ்களின் வருகைப் பதிவேடு திரையில் விரியும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அதன் நிலையைக் காட்டும் ஓர் எழுத்தும் இருக்கும். ஆர் என்றிருந்தால் அது ஓடுகிறது, அல்லது ஓடுவதற்குத் தன் முறையை எதிர்நோக்கி நிற்கிறது. எஸ் என்றிருந்தால் உறங்குகிறது. உறக்கம் என்றவுடன் பதற வேண்டுவதில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு உணவு விடுதியில் வாடிக்கையாளர் இல்லாதபோது சர்வர் சுவரில் சாய்ந்து நிற்பது குற்றமா? வேலை வந்தவுடன் விழித்துக்கொள்ளும் உறக்கம் அது. டி என்றிருந்தால், பெரும்பாலும் வட்டிலிருந்து வரவேண்டிய ஏதோ ஒன்றுக்காகக் காத்து, எவர் தட்டினாலும் எழாத உறக்கத்தில் இருக்கிறது என்று பொருள். சிறிது நேரம் அப்படி இருப்பது இயல்பு, நீடித்தால் கவலைக்குரியது.

இசட் என்ற எழுத்து ஒன்று உண்டு. அதனை ஜோம்பி என்பார்கள். நம் மொழியில் நடைப்பிணம் எனலாம். அந்தப் பிராசஸ் முடிந்துபோயிற்று. ஆயினும் அதனைத் தோற்றுவித்த தாய்ப் பிராசஸ் முடிவுச் செய்தியை இன்னும் வாங்கிக்கொள்ளாமையால், பதிவேட்டில் பெயர் மட்டும் நீக்கப்படாமல் நிற்கிறது. ஓய்வு பெற்றவரின் பெயர் அலுவலகப் பலகையிலிருந்து அழிக்கப்படாமல் இருப்பதை நாம் பார்த்ததில்லையா? பெயர் இருப்பதைக் கண்டு ஆள் இருப்பதாக முடிவு செய்தால் ஏமாறுவோம்.

வேறு இரண்டு வகையிலும் ஏமாறக்கூடும். பதிவேட்டில் ஒரு பெயரைத் தேடும்படி கட்டளையிட்டால், தேடும் கட்டளையிலும் அப்பெயர் இருப்பதால், தேடுகிற செயலே பட்டியலில் வந்து அகப்பட்டுக்கொள்ளும். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து "யாராவது இருக்கிறீர்களா?" என்று கூவி, தன் குரலின் எதிரொலியையே விடையாகக் கொள்வது போன்றது இது. புதியவர் பலர் இதில் தவறியிருக்கிறார்கள். பிஜிரெப் என்னும் கட்டளை தன்னைத்தானே விலக்கிவிட்டுத் தேடுவதால் இந்தத் தவறு நேராது. மற்றொன்று, பிராசஸின் எண்ணை ஒரு சீட்டில் எழுதி வைத்து, அந்த எண் உயிருடன் உள்ளதா என்று மட்டும் பார்ப்பது. பழைய பிராசஸ் மறைந்து, அதே எண் பின்னர் வேறொன்றுக்குக் கொடுக்கப்பட்டிருந்தால், அறை எண்ணைப் பார்த்துவிட்டு அங்கே குடியிருப்பவர் நம்மவரே என்று நம்பும் கதையாகிவிடும்.

இரண்டாம் கேள்வி: ஆள் விழுந்துவிட்டால் எழுப்பி நிறுத்துபவர் யார்?

இதற்கென்று லினக்சில் ஒரு மேஸ்திரி இருக்கிறார். 2010-ஆம் ஆண்டில் லெனார்ட் பொயட்டரிங், கே சீவர்ஸ் ஆகியோர் உருவாக்கிய சிஸ்டம்டி இன்று பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் இந்தப் பொறுப்பை ஏற்றிருக்கிறது. கணிப்பொறி விழித்தெழும்போது 1 என்ற எண்ணுடன் தோன்றும் முதற்பிராசஸ் இதுவே. எந்தச் சேவை எப்போது தொடங்கவேண்டும், எதற்குப் பின் எது, ஒன்று தவறி விழுந்தால் மீண்டும் எழுப்ப வேண்டுமா என்பனவற்றை ஒரு சிறு கோப்பில் எழுதி இதனிடம் ஒப்படைத்துவிடலாம். சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் என்று கேட்டால், அச்சேவை இயங்குகிறதா, எப்போது தொடங்கியது, கடைசியாக என்ன முணுமுணுத்தது என்பவற்றை உடனே சொல்லும். ஜர்னல்சிடிஎல் என்ற கட்டளையைத் தந்தால், பழைய குறிப்பேட்டையும் புரட்டிக் காட்டும்.

ஆனால் மேஸ்திரியை நம்பிக் கண்காணிப்பவர் கண்ணயர்ந்துவிடலாகாது. விழுந்த சேவையைத் தொடர்ந்து எழுப்புவதற்கும் எல்லை உண்டு. வேறு கட்டளை இல்லாதவிடத்து, 10 விநாடிக்குள் 5 முறை தொடங்கியும் நிலைக்காவிட்டால், சிஸ்டம்டி கைவிட்டு, தோல்வி என்று குறித்துவைத்துவிடும். இது நன்மைக்கே. காய்ச்சல் கண்டவனை ஒவ்வொரு முறையும் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தால் காய்ச்சல் தெரியாமலே போகும். ஒரு சேவை நாள்தோறும் நான்கு முறை விழுந்து, நான்கு முறையும் எழுப்பப்படுகிறதென்றால், வாடிக்கையாளர் ஒருவேளை அதை உணரமாட்டார். ஆனால் குறிப்பேட்டைப் படிப்பவர் உணரவேண்டும்.

மூன்றாம் கேள்விதான் தலையாயது: ஆள் இருக்கிறார், நிற்கிறார், வேலை நடக்கிறதா?

ரயில் பாகாலா சந்திப்பில் நின்றிருந்தபோது மருமகன் இதனை விளக்கினான். காட்பாடியிலிருந்து வரும் பாதையும், தர்மாவரத்திலிருந்து வரும் பாதையும், திருப்பதிக்குச் செல்லும் பாதையும் அங்கே கூடுகின்றன. ஒற்றை இருப்புப் பாதைகளில் ஒரு நிலையத்திலிருந்து வண்டியை விடுமுன், அடுத்த நிலையத்தாரிடம் லைன் கிளியர் கேட்டுப் பெறுவது ரயில்வேயின் பழைய வழக்கம். "அங்கே ஸ்டேஷன் மாஸ்டர் இருக்கிறாரா?" என்பதா கேள்வி? அன்று. "இந்த வண்டியை ஏற்றுக்கொள்ள முடியுமா?" என்பதே கேள்வி. விடை வராவிட்டால் வண்டி நகராது. மறுமொழி இல்லாமையை இசைவு என்று எடுத்துக்கொள்ளாத அந்த ஒழுங்கினால் காக்கப்பட்ட உயிர்களுக்குக் கணக்கில்லை.

சேவைக் கணிப்பொறியிடமும் அப்படியே கேட்கவேண்டும். அதன் வாயில்களுக்குப் போர்ட் என்று பெயர். எஸ்.எஸ். என்ற கட்டளையால், எந்த வாயிலில் எந்தச் சேவை காத்திருக்கிறது என்று காணலாம். வாயில் திறந்திருப்பது நன்று. ஆனால் அது கடைக்கதவு திறந்திருப்பதற்கே ஈடு. கர்ல் என்ற கட்டளையால் ஒரு பக்கத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். அது மேசையில் ஒரு குவளைத் தண்ணீர் வைக்கப்படுவதற்கு ஈடு. தண்ணீர் வந்துவிட்டதால் சமையலறையில் அடுப்பு எரிகிறது என்று சொல்லிவிட முடியுமா? இட்டிலி கேட்டு, அது வந்து, உண்டு பார்த்தால்தான் தெரியும்.

நம் தமக்கையார் மகனுக்கு நேர்ந்தது இதுவே. பின்னாளில் அவ்வலுவலகத்தோடு தொடர்புடைய ஒருவர் வாயிலாகக் காரணம் தெரிய வந்தது. கணிப்பொறி தானாக எழுதிக்கொள்ளும் அன்றாடக் குறிப்புகள் பெருகிப் பெருகி, வட்டு முழுவதும் நிறைந்துவிட்டது. பக்கங்களை அனுப்பும் சேவைக்குப் புதிதாக எதையும் எழுத வேண்டியதில்லை. ஆகவே அது நலமாக இருந்தது. தரவுகளைப் பதியும் சேவையும் பதிவேட்டில் உயிருடன்தான் இருந்தது. ஆனால் ஒரு வரி எழுதவும் அதற்கு இடமில்லை. கண்காணிப்பு நிரலோ, பிராசஸ் உண்டா என்று மட்டும் கேட்டு, உண்டு என்ற விடை பெற்றுப் பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டிருந்தது. தொலைபேசியில் பேசியவர் அந்தப் பச்சை விளக்கைப் பார்த்துத்தான் நமக்கு விடை சொன்னார்.

என்ன செய்திருக்க வேண்டும்? சோதனை என்ற பெயரில் ஒரு பொய் விண்ணப்பத்தை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக அனுப்பி, அது பதிவாயிற்றா என்று படித்துப் பார்த்து, பின்னர் அழித்துவிடும் சிறு நிரல் ஒன்றிருந்தால், வட்டு நிறைந்த ஐந்தாம் நிமிடத்தில் மணி அடித்திருக்கும். அதற்கும் முன்பே, வட்டில் பெரும்பகுதி நிறைந்தபோதே ஓர் எச்சரிக்கை போயிருந்தால், மணி அடிக்கவே தேவை இருந்திராது. நினைவகம், வட்டு, பணிச்சுமை ஆகியவற்றின் அளவுகளைத் தொடர்ந்து குறித்து வருவதன் பயன் இதுதான்.

உள்ளிருந்தே வேலையை அறியவும் ஒரு வழி உண்டு. ரயில் எஞ்சின்களில் ஓட்டுநரின் விழிப்பை அறியும் கருவி ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ ஒரு நிமிடம் அவர் எந்தக் கைப்பிடியையும் இயக்காவிட்டால், முதலில் விளக்கு மின்னும். பின்னர் ஒலி எழும். அதன் பின்னும் அவர் பொத்தானை அழுத்தாவிட்டால் வண்டி தானாகவே நிறுத்தப்படும். கணிப்பொறியில் இதற்கு வாட்ச்டாக், அதாவது காவல் நாய் என்று பெயர். குறித்த இடைவெளிக்குள் "நான் நலம்" என்று சேவை தன் வாயால் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். சொல்லத் தவறினால், ஆள் நின்றுகொண்டிருந்தாலும் சிஸ்டம்டி அதனை நிறுத்தி, மறுபடியும் தொடங்கும்.

இந்தக் காவல் நாய் செவ்வாய்க் கோளிலும் குரைத்திருக்கிறது. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா அனுப்பிய இன்ஜெனியூட்டி என்ற சிறு ஹெலிகாப்டர் லினக்சில் இயங்கியது. 2021 ஏப்ரல் 9-ஆம் நாள் அதன் சுழல் இறக்கைகளை முழு வேகத்தில் சுற்றிப் பார்க்கும் சோதனை நடந்தபோது, பறப்பதற்கு முந்தைய நிலையிலிருந்து பறக்கும் நிலைக்கு அதன் கணிப்பொறி மாற முயன்ற வேளையில், வாட்ச்டாக் குறுக்கிட்டுச் சோதனையை நிறுத்திவிட்டது. அதனால் முதற்பயணம் சில நாள் தள்ளிப்போயிற்று. பொறியாளர்கள் குறையைக் களைந்தபின் ஏப்ரல் 19-ஆம் நாள் அது பறந்தது. வேறொரு கோளில் மனிதன் செய்த பொறி ஆற்றலுடன் வானில் எழுந்தது அதுவே முதன்முறை.

பாகாலாவை விட்டு வண்டி நகர்ந்தபோது, அப்பகுதியில் உள்ள காதங்கி என்ற சிற்றூரைப் பற்றி மருமகன் கூறினான். மத்திய விண்வெளித் துறையைச் சேர்ந்த தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் அங்கே இருக்கிறது. 53 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் அதன் பெரிய ராடாரில் 1024 ஆன்டெனாக்கள் அணிவகுத்து நின்று, மேலே வீசும் காற்றின் எதிரொலியைக் கேட்கின்றன. இத்தகைய ஆய்வுக் கூடங்களில் ஒரு கருவி ஓடிக்கொண்டிருந்தும் அதன் அளவுகள் பதிவாகாமற்போனால், இழப்பை ஈடு செய்ய வழியே இல்லை. விண்ணப்பத்துக்கு அடுத்த ஆண்டாவது உண்டு. அந்த ஒரு மணி நேரத்துக் காற்று மீண்டும் வீசப்போவதில்லை. ஓடுகிறதா என்பதோடு நில்லாமல், பதிகிறதா என்றும் ஏன் கேட்கவேண்டும் என்பது இதனால் விளங்கும்.

இனி, நான்காம் கேள்வி ஒன்று எஞ்சுகிறது. காவலனைக் காவல் காப்பவர் யார்?

கண்காணிக்கும் நிரலை அதே கணிப்பொறியில் வைத்தால், கணிப்பொறி விழும்போது காவலனும் உடன் விழுவான். அபாயச் சங்கு ஊத ஆளிருக்காது. ஆகையால் காவலன் வேறோர் இடத்திலிருந்து பார்க்கவேண்டும். ஈதன் கால்ஸ்டாட் என்பவர் 1999-இல் வெளியிட்டு, பின்னர் நாகியோஸ் என்று பெயர் பெற்ற மென்பொருளும், 2012-இல் தொடங்கப்பெற்ற புரோமிதியஸ் என்ற மென்பொருளும் இவ்வாறு வெளியிலிருந்து பல கணிப்பொறிகளை நலம் உசாவி வருபவை.

உசாவினால் மட்டும் போதாது. உசாவி அறிந்த செய்தி மனிதன் காதுக்கு எட்டவும் வேண்டும். கிட்லேப் என்பது உலகெங்கும் நிரல் எழுதுவோர் தம் ஆக்கங்களைச் சேமித்து வைக்கும் ஒரு நிறுவனம். 2017 ஜனவரி 31-ஆம் நாள் இரவு, களைத்திருந்த பொறியாளர் ஒருவர், துணைக் கணிப்பொறி என்று எண்ணி, முதன்மைக் கணிப்பொறியின் தரவுக் கோப்புகளை அழித்துவிட்டார். நாள்தோறும் எடுக்கப்படும் காப்புப் படிகள் இருக்கின்றனவே என்று தேடினார்கள். அங்கே ஒன்றுமில்லை! படியெடுக்கும் நிரலின் பதிப்பு, தரவுத்தளத்தின் பதிப்போடு ஒவ்வாமையால், அந்த வேலை தோல்வியுற்று வந்திருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் புறப்பட்டனவாம். ஆனால் அனுப்பியவர் இன்னார் என்று உறுதி செய்யும் முத்திரை அவற்றில் இல்லாமையால், பெறும் கணிப்பொறி அவற்றை ஏற்க மறுத்துவிட்டது. காவலன் கூவினான், வீட்டார் கதவடைத்திருந்தார்கள். ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு காரணத்துக்காக எடுத்துவைத்த படி ஒன்று கிடைத்ததால், இழப்பு அந்த ஆறு மணி நேரத்தோடு நின்றது. இவ்வளவையும் மறைக்காமல் அந்நிறுவனமே எழுதி வெளியிட்டது போற்றத்தக்கது.

இதற்கு நேர்மாறான தீமையும் உண்டு. ஒன்றுமில்லாததற்கெல்லாம் மணி அடித்துக்கொண்டிருந்தால், புலி வருகிறது என்று கூவிய ஆட்டிடையன் கதைதான். இரவெல்லாம் பொய்ச் செய்திகளால் எழுப்பப்பட்டவன், மெய்ச் செய்தி வரும்போது கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்குவான். உடனே எழுந்து ஒருவர் கைவைக்க வேண்டிய செயலுக்கு மட்டுமே மணி அடிக்கவேண்டும். மற்றவை குறிப்பேட்டில் கிடக்கட்டும், காலையில் படித்துக்கொள்ளலாம் என்பது இத்துறையில் முதிர்ந்தோர் கொள்கை.

நேயர்களில் பலருடைய பிள்ளைகள் பெங்களூரிலும் ஐதராபாத்திலும் புனேயிலும் இத்தொழிலில் இருப்பார்கள். விடுமுறைக்கு வந்த பிள்ளை, நள்ளிரவு இரண்டு மணிக்குக் கைப்பேசி ஒலித்தவுடன் எழுந்து மடிக்கணினியைத் திறப்பதைக் கண்டு, இது என்ன வேலையோ என்று வருந்தியிருப்பீர்கள். எங்கோ ஒரு மருத்துவமனையின் பதிவோ, ஒரு வங்கியின் கணக்கோ, ஓர் ஏழை மாணவனின் விண்ணப்பமோ அந்த நேரத்தில் நின்றுபோயிருக்கலாம். ஊர்க்காவலுக்குத் தலையாரி இரவில் விழித்திருந்தது போன்ற பணிதான் இதுவும். அடுத்த முறை ஒரு குவளைக் காப்பியாவது போட்டுக் கொடுங்கள்.

நம் தமிழ்ச் சங்கங்கள் சிலவும் நூலகப் பட்டியலுக்கும் உறுப்பினர் பதிவுக்கும் சிறு சர்வர் வைத்திருக்கின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்ளும் இளைஞரிடம் சங்கத்தார் கேட்கவேண்டியவை மிகச் சிலவே. சேவை விழுந்தால் தானே எழுந்திருக்குமா? வெளியிலிருந்து ஒருவர் பதிவு செய்து பார்ப்பது போன்ற சோதனை நடக்கிறதா? வட்டு நிறைவதற்கு முன் செய்தி வருமா? காப்புப் படியை என்றைக்காவது திறந்து படித்துப் பார்த்தாயிற்றா? எச்சரிக்கை யாருக்குப் போகிறது, அவர் ஊரில் இல்லாவிட்டால் வேறு யாருக்கு? மாதம் ஒருமுறை, வேண்டுமென்றே ஒரு சேவையை நிறுத்திப் பார்த்து, மணி அடிக்கிறதா என்று அறிவதும் நலம்.

கணிப்பொறியே வைத்திராத நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. "சர்வர் ஓடுகிறது" என்று எவரேனும் சொன்னால், "மிக்க மகிழ்ச்சி. இன்று எத்தனை விண்ணப்பங்கள் பதிவாயின? கடைசியாகப் பதிவானது எத்தனை மணிக்கு?" என்று பணிவுடன் கேளுங்கள். அதற்கு விடை சொல்லவேண்டுமானால் அவர் பதிவேட்டை விட்டுவிட்டுச் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தே ஆகவேண்டும். திரையில் தோன்றும் பிழையை நாளும் நேரமும் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். முறையீட்டை எழுத்தில் அனுப்புங்கள். கூடுமானவரை இறுதி நாள் மாலைவரை காத்திராதீர்கள்.

வண்டி திருப்பதி நிலையத்தை அடைந்தது. இறங்கி வந்து, எதிரே இருந்த உணவு விடுதியில் அமர்ந்தோம். சர்வர் வந்து நின்று ஒரே மூச்சில் ஒப்பித்தார். மருமகன் இட்டிலி கேட்டான். அவர் உள்ளே போய், திரும்பி வந்து, "இட்டிலி ஆக இன்னும் பத்து நிமிடம், தோசை உடனே வரும்" என்றார். "பார்த்தீர்களா மாமா, இவரிடம் கற்றுக்கொள்ள வேண்டும்" என்று சொல்லி மருமகன் சிரித்தான். நாம் தோசையே கேட்டோம்.